தட்டில் செத்த செல்லும் அக்காவின் கட்டியும்

கேள்வி: என் அக்காவுக்கு வயது 54. சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு சீரஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள், உயிரியல் எனக்குப் பள்ளிக்கூடத்தோடு சரி. சென்ற வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரை கண்ணில் பட்டது. ஏதோ ஒரு புதிய வேதிப்பொருள், எஸ்.கே.ஓ.வி-3, ஏ-2780 என்ற இரண்டு ‘சினைப்பைப் புற்றுநோய் செல் லைன்’களில் 72 மணி நேரத்தில் 90 சதவீத செல்களைக் கொன்றுவிட்டதாம். சாதாரண செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வேதிப்பொருள் விற்பவர்களிடம் அதை வாங்கிவிடலாம் என்கிறான் தம்பி. டாக்டரிடம் கேட்டால் “அதெல்லாம் வெறும் செல் லைன்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். செல் லைன் என்றால் என்ன? அந்தத் தட்டில் இருப்பது அக்காவின் நோய்தானா, இல்லையா? இல்லையென்றால் உலகம் முழுக்க ஏன் அதை வைத்தே ஆராய்ச்சி செய்கிறார்கள்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியை அதை வாங்க விடாதீர்கள். ஆய்வகத்துக்கென்று விற்கும் வேதிப்பொருள் மனிதர் உட்கொள்ளும் தரத்தில் தயாரிக்கப்படுவதில்லை. எவ்வளவு கொடுப்பது, கல்லீரல் அதை என்ன செய்யும், ஓடிக்கொண்டிருக்கும் கீமோவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தட்டில் இருக்கும் செல்லுக்குக் கல்லீரல் கிடையாது, சிறுநீரகம் கிடையாது. உங்கள் அக்காவுக்கு இரண்டும் இருக்கின்றன, இப்போது அவை ஏற்கெனவே கஷ்டப்பட்டு வேலை செய்துகொண்டிருக்கின்றன.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன ‘வெறும் செல் லைன்’ என்பது பாதி சரி. மீதிப் பாதியை விளக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

ஒரு நோயாளியின் கட்டியிலிருந்தோ, வயிற்றில் அல்லது நெஞ்சில் சேரும் நீரிலிருந்தோ கொஞ்சம் செல்களை எடுத்து, ஊட்டச்சத்து நீரில் போட்டு வளர்க்கிறார்கள். பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ செத்துவிடும். எப்போதாவது ஒரு கூட்டம் மட்டும் சாகாமல் பெருகிக்கொண்டே போகும். பெருகப் பெருகப் பிரித்து வேறு குடுவைகளுக்கு மாற்றலாம், உறையவைத்து இருபது வருஷம் கழித்து எழுப்பலாம், வேறு நாட்டுக்கு அனுப்பலாம். அதுதான் செல் லைன். மனிதச் செல்லில் இப்படி நிலைத்த முதல் லைன் ஹீலா. 1951-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் அவர் இறந்துபோனார். செல்கள் இன்றும் ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. நம் செல்லில் 46 குரோமோசோம் இருக்கும். ஹீலாவில் எண்ணினால் எழுபதுக்கு மேல் வரும்.

பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. உள்ளங்கை அளவில் ஒரு தட்டையான பிளாஸ்டிக் குடுவை, அடியில் ரோஸ் நிறத்தில் கொஞ்சம் திரவம். மூடியில் செல்லின் பெயர், தேதி, எத்தனையாவது முறை பிரித்தது என்ற எண், மார்க்கரில் கிறுக்கியிருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் தரையில் ஓடு பதித்த மாதிரி செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓரிரு நாள் கவனிக்காமல் விட்டால் திரவம் மஞ்சளாகிவிடும். சாப்பாடு தீர்ந்து அமிலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலையில் இன்குபேட்டரைத் திறந்து மஞ்சள் குடுவையைப் பார்க்கும் மாணவரின் முகத்தை வைத்தே வாரக்கடைசியில் அவர் ஊருக்குப் போனாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

நீங்கள் கேட்டது இந்தக் குடுவையில் இருப்பது அக்காவின் நோயா என்று. கட்டுரையில் சொன்ன அந்த இரண்டு லைன்களை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் உங்களுக்கு நேரடியான பதிலே இருக்கிறது.

ஹை கிரேடு சீரஸ் என்பது சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை. அதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. டி.பி.53 என்ற மரபணு ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் பழுதாகியிருக்கும். 2011-ல் முன்னூற்றுச் சொச்சம் கட்டிகளின் டி.என்.ஏ.வைப் படித்தபோது 96 சதவீதத்தில் அந்தப் பழுது இருந்தது. இரண்டாவது, குரோமோசோம்கள் கன்னாபின்னாவென்று உடைந்து, சில துண்டுகள் பல மடங்காகவும் சில துண்டுகள் காணாமலும் போயிருக்கும். சரி, 2013-ல் ஒரு குழு உட்கார்ந்து, சினைப்பைப் புற்று என்று பெயரிட்டு வைத்திருக்கும் 47 செல் லைன்களை எடுத்து இந்தக் கட்டிகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டது. அதுவரை வந்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய 60 சதவீதம் இரண்டே இரண்டு லைன்களை நம்பி எழுதப்பட்டவை என்று தெரிந்தது. அந்த இரண்டும் உங்கள் கட்டுரையில் உள்ள எஸ்.கே.ஓ.வி-3, ஏ-2780. ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டுமே ஹை கிரேடு சீரஸ் கட்டிக்குப் பொருந்தவில்லை. ஏ-2780-ல் டி.பி.53 பழுதாகவே இல்லை. நன்றாகப் பொருந்தியவை குராமோச்சி, ஓவ்சாஹோ என்று அதிகம் பேர் தொடாத லைன்கள்.

பொருந்தாத லைன் ஏன் இவ்வளவு பிரபலம் ஆயிற்று? காரணம் எளிது. ஏ-2780 ஒரு நாளில் இரட்டிப்பாகிவிடும், எதையும் தாங்கும், பக்கத்து ஆய்வகத்தில் கேட்டால் கிடைக்கும். போன வருஷம் வந்த கட்டுரையோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவர்கள் பயன்படுத்திய அதே லைன் வேண்டும். மெதுவாக வளரும் லைனை வைத்துக்கொண்டு யார் மூன்று மாதம் காத்திருப்பது? என் துறையைப் பற்றி நானே சொல்கிறேன், இதில் விஞ்ஞானத்தைவிடச் சோம்பலுக்கும் பழக்கத்துக்கும்தான் பங்கு அதிகம்.

ஆக, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில்: அந்தத் தட்டில் இருந்தது புற்றுநோய்தான். ஆனால் அக்காவுக்கு வந்த வகை என்று சொல்ல ஆதாரம் குறைவு.

சரியான லைனைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. செல் தட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மாறத் தொடங்குகிறது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் எம்.சி.எஃப்-7 என்று ஒரு லைன் உண்டு. 1970-ல் ஒரு கன்னியாஸ்திரீயின் நெஞ்சில் சேர்ந்த நீரிலிருந்து வந்தது. தாமோக்சிஃபென் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதில் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அந்தச் செல்கள் சொன்னது. 2018-ல் ஒரு குழு வெவ்வேறு இடங்களிலிருந்து 27 எம்.சி.எஃப்-7 குடுவைகளை வரவழைத்து, 321 மருந்துகளைப் போட்டுப் பார்த்தது. எல்லாவற்றின் மூடியிலும் ஒரே பெயர். ஒன்றிரண்டு குடுவைகளிலாவது செல்களை நன்றாக முடக்கிய மருந்துகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் முக்கால்வாசி வேறு சில குடுவைகளில் சுத்தமாக வேலை செய்யவில்லை. ஒரே தாய்ச் செல், ஐம்பது வருஷம் ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்ததில் வந்த வித்தியாசம். மூடியில் எழுதும் அந்தப் பிரித்த எண்ணை நாங்கள் இவ்வளவு கவனமாகக் குறித்துவைப்பது இதற்காகத்தான். எண் ஏற ஏற அது நோயாளியிடமிருந்து விலகிப் போகிறது.

அப்புறம் அந்தத் தட்டின் வாழ்க்கை. நீங்கள் எண்களோடு பழகியவர், இதை எண்ணிலேயே சொல்கிறேன். பல ஆய்வகங்களில் தினமும் பயன்படும் ஒரு ஊட்டத் திரவத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம். ஒரு மனிதருக்கு ரத்தப் பரிசோதனையில் அந்த எண் வந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். இன்குபேட்டரில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட வெளிக்காற்றில் உள்ள அளவு. கட்டியின் நடுப்பகுதியிலோ அது ஒன்றிரண்டு சதவீதம்கூடத் தேறாது. செல் ஒட்டியிருக்கும் தரை கடினமான பிளாஸ்டிக், உடம்பில் அது மெத்தென்ற திசு.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். 2017-ல் சிலர் ஊட்டத் திரவத்தை மனித ரத்தத்தின் நீர்ப்பகுதியில் உள்ள சத்துகளின் அளவுக்கே சேர்த்துத் தயாரித்துப் பார்த்தார்கள். அதில் யூரிக் அமிலமும் இருந்தது. கீல்வாதக்காரர்களுக்குப் பழக்கமான அதே யூரிக் அமிலம்தான். வழக்கமான திரவங்களில் அதை யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்ததும் செல்லுக்குள் ஒரு நொதியின் வேலை தடைபட்டு, 5-ஃப்ளூரோயுராசில் என்ற பழைய கீமோ மருந்துக்குச் செல்கள் முன்போல மசியவில்லை. எல்லார் ரத்தத்திலும் ஓடும் ஒரு பொருள். அது இல்லாமலேயே பல்லாண்டு காலம் அந்த மருந்தைத் தட்டில் சோதித்துவந்திருக்கிறோம்.

உங்கள் அக்காவின் நோய்க்கே உரிய ஒன்றும் இருக்கிறது. சினைப்பைப் புற்று வயிற்றுக்குள் பரவும்போது, குடலின் முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பில் போய்த் தங்குவது அதன் வழக்கம். ஓமெண்டம் என்பார்கள். அக்காவின் அறுவை சிகிச்சைக் குறிப்பில் அந்தச் சொல் இருக்கும், பாருங்கள். அங்கே உள்ள கொழுப்புச் செல்களிடமிருந்து கொழுப்பை வாங்கி எரித்தே புற்றுச் செல்கள் வளர்கின்றன என்று 2011-ல் காட்டினார்கள். தட்டில் கொழுப்புச் செல் இல்லை. ரத்தக் குழாய் இல்லை. கட்டியைச் சுற்றிக் கவசமாக நிற்கும் நார்த் திசு இல்லை. எல்லாவற்றையும்விட, நோய் எதிர்ப்பு செல் ஒன்றுகூட இல்லை. இம்யூனோதெரபி மருந்துகளைத் தனிச் செல் லைனில் ஊற்றினால் ஒன்றுமே நடக்காது. அவை பேசவேண்டிய ஆள் அந்த அறையிலேயே இல்லை. செல் லைனை மட்டும் நம்பியிருந்தால், 2018-ல் நோபல் பரிசு வாங்கிய அந்தக் கண்டுபிடிப்பு குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும்.

‘90 சதவீதம்’, ‘சாதாரண செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்ற இரண்டு வரிகளும் உங்களை அசைத்திருக்கின்றன. எனக்குப் புரிகிறது, அவை அதற்காகவே எழுதப்படும் வரிகள். முதலாவதற்கு, எவ்வளவு அடர்த்தியில் கொன்றது என்று பார்க்க வேண்டும். அடர்த்தியை ஏற்றிக்கொண்டே போனால் உப்புத் தண்ணீர்கூடச் செல்லைக் கொல்லும். மனித ரத்தத்தில் அந்த அடர்த்தியை எட்ட முடியுமா, எட்டினால் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி. தட்டில் மருந்து 72 மணி நேரமும் செல்லைச் சுற்றியே நிற்கிறது. உடம்பில் அது ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும், உடையும், வெளியேறும். இரண்டாவதற்கு, அவர்கள் வைத்திருந்த ‘சாதாரண செல்’ எது என்று பாருங்கள். பல கட்டுரைகளில் அது ஹெக்-293 ஆக இருக்கும். அதுவும் வைரஸ் மரபணுவைப் புகுத்திச் சாகாமல் ஆக்கிய லைன்தான், சாதாரணம் என்பது பெயரளவில். வேறு சிலவற்றில் மெதுவாக வளரும் தோல் செல் இருக்கும். வேகமாகப் பிரியும் செல்லைத் தாக்கும் எந்த விஷமும் மெதுவாகப் பிரியும் செல்லை விட்டுவைக்கும். அதே விஷம் உடம்புக்குள் போனால் எலும்பு மஜ்ஜையையும் குடலின் உட்பூச்சையும் விட்டுவைக்காது. இப்போதைய கீமோவில் அக்காவுக்கு ரத்த அணுக்கள் இறங்குவது அதனால்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. குடுவையில் இருப்பது மூடியில் எழுதியிருக்கும் செல்தானா? 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், தனித்தனி என்று நம்பப்பட்ட 18 செல் லைன்களில் ஒரு நொதியின் வகையைப் பார்த்தார். பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே காணப்படும் வகைதான் பதினெட்டிலும் இருந்தது. நன்கொடையாளர்களில் வெள்ளையர்களும் இருந்தார்கள். ஹீலாவைத் தந்த ஹென்ரியெட்டா லாக்ஸோ ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். ஆக, எல்லாவற்றிலும் ஹீலா புகுந்திருந்தது. ஒரு துளி தெறித்தால் போதும், வேகமாக வளரும் ஹீலா மற்றதை அமுக்கிவிடும். இன்று அடையாளம் பிசகிய லைன்களின் பொதுப் பட்டியலில் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. 2017-ல் ஒரு கணக்கெடுப்பில், அப்படிப்பட்ட லைன்களை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் 32,755 என்று எண்ணினார்கள். எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற பிரபல ‘மார்பகப் புற்று’ லைன் கடைசியில் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல் புற்றுநோய் என்று தெரிந்தது.

எனக்கும் நடந்தது. மாணவனாக இருந்தபோது ஒரு வயிற்றுப் புற்று லைனோடு எட்டு மாதம் குடும்பம் நடத்தினேன். வேறொரு ஆய்வகத்திலிருந்து சிநேகிதமாக வந்த குடுவை. செல் கொஞ்சம் வேகமாகவே வளர்ந்தது, நான் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். கட்டுரை எழுதும் நேரத்தில் டி.என்.ஏ. அடையாளச் சோதனைக்கு அனுப்பினோம். போலீஸ் தடயவியலில் செய்வார்களே, அதே மாதிரிச் சோதனை. ஒரு பக்கத்தில் பதில் வந்தது: ஹீலா. அன்று மாலை குடுவைகளை எல்லாம் பிளீச்சில் ஊற்றினேன். அந்தச் சோதனைக்கு அவ்வளவு செலவுகூட ஆகாது. முதல் நாளே செய்திருக்கலாம்.

இவ்வளவும் கேட்டபின் உங்கள் மூன்றாவது கேள்வி இன்னும் பலமாக வரும்: பின் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

இதற்கு அக்காவின் நோயிலேயே ஒரு பதில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பதில். செல்லின் டி.என்.ஏ. முறிந்தால் ஒட்டுப்போடும் மரபணுக்களில் பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 முக்கியமானவை. 2005-ல் இரண்டு குழுக்கள் கேட்ட கேள்வி இது: இந்த ஒட்டுப்போடும் வழி ஏற்கெனவே பழுதான செல்லில், பார்ப் என்ற இன்னொரு பழுதுபார்க்கும் புரதத்தையும் முடக்கினால் என்ன ஆகும்? பழுதான செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. பழுதில்லாதவை தாங்கிக்கொண்டன. அந்தச் சோதனைகளில் முக்கியமாகப் பயன்பட்ட செல்கள் எவை தெரியுமா? ஒரு குழுவிடம் சீன ஹாம்ஸ்டரின் நுரையீரல் செல். இன்னொரு குழுவிடம் எலிக் கருவின் குருத்துச் செல். மனிதச் சினைப்பையோடு ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் 2014-ல் ஓலாபாரிப் என்ற மாத்திரை பி.ஆர்.சி.ஏ. பழுதுள்ள சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2018-ல் வெளியான சோதனையில், அக்காவைப் போலப் புதிதாகக் கண்டறியப்பட்ட முற்றிய நோயும் பி.ஆர்.சி.ஏ. பழுதும் உள்ள, கீமோவுக்கு நல்ல பலன் கண்ட பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து நோய் முற்றாமல் உயிரோடு இருந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 60 சதவீதம், எடுக்காதவர்களில் 27 சதவீதம்.

ஹாம்ஸ்டர் செல் சரியான பதிலைத் தந்தது, மனிதச் சினைப்பைப் புற்று லைன் உங்களைத் தவறான கடைக்கு அனுப்பப் பார்த்தது. வித்தியாசம் கேள்வியில் இருக்கிறது. ‘இந்தப் பூட்டு உடைந்த செல்லில் அந்தப் பூட்டையும் உடைத்தால் செல் பிழைக்க முடியுமா?’ என்று கேட்டால் செல் லைன் நேர்மையாகப் பதில் சொல்லும். அது செல்லுக்குள்ளேயே முடிந்துவிடும் விஷயம். ‘இந்த மருந்தைக் கொடுத்தால் நோயாளிக்குக் குணமாகுமா?’ என்று கேட்டாலும் அது ஒரு பதில் சொல்லத்தான் செய்யும். அதுதான் ஆபத்து.

நோயாளிகளிடம் தோற்றதற்குக் காரணம் கேட்கவும் செல் லைனிடமே திரும்பிப் போயிருக்கிறோம். பிராஃப் என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிய மெலனோமாக்கள் உண்டு, அதே மாற்றத்தோடு பெருங்குடல் புற்றும் உண்டு. அந்த மாற்றத்தைக் குறிவைத்த மருந்து மெலனோமாக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியைச் சுருக்கியது. குடல் புற்றுக்காரர்களுக்குக் கிட்டத்தட்டப் பலனே இல்லை. ஏன்? 2012-ல் குடல் புற்று செல் லைன்களில் தேடியபோது விடை கிடைத்தது. பிராஃபை அடைத்ததும் அந்தச் செல்கள் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வேறொரு வாசலைத் திறந்துகொள்கின்றன. மெலனோமா செல்லில் அந்த வாசல் பெரும்பாலும் கிடையாது. இரண்டு வாசலையும் சேர்த்து அடைக்கும் சிகிச்சை 2020-ல் அனுமதி பெற்றது.

இந்தப் பெருமையோடு ஒரு சிறுமையையும் சொல்ல வேண்டும். தட்டிலும் எலியிலும் தேறி, மனிதர்களிடம் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் சுமார் இருபதில் ஒன்றுதான் கடைசியில் அனுமதி பெறுகிறது. உங்கள் கட்டுரையில் உள்ள பொருள் அந்த வரிசையில்கூட இன்னும் நிற்கவில்லை. அது வரிசைக்குப் போகும் சாலையில் இருக்கிறது.

‘அக்காவின் கட்டியையே எடுத்து வளர்த்துப் பார்க்கக்கூடாதா?’ என்று அடுத்து கேட்பீர்கள். செய்கிறார்கள். கட்டித் துணுக்கை ஒரு ஜெல்லில் வைத்து உருண்டையாக வளர்ப்பதை ஆர்கனாய்டு என்பார்கள். வயிறு, குடல் புற்று நோயாளிகளிடம் 2018-ல் செய்த ஒரு சிறிய ஆய்வில், உருண்டையில் பலிக்காத மருந்து நோயாளியிடமும் பலிக்கவில்லை. உருண்டையில் பலித்தவை 88 சதவீதம் நோயாளியிடமும் பலித்தன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லார் கட்டியும் வளர்வதில்லை, வளர வாரக்கணக்காகும், பெரும்பாலும் இதிலும் எதிர்ப்பு செல்கள் இல்லை. சோதனை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்காகக் கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தக் கட்டுரையை டாக்டரிடம் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் அடுத்த முறை போகும்போது அதைக் கடைசியில் எடுங்கள். முதலில், “அக்காவுக்கு பி.ஆர்.சி.ஏ. பரிசோதனை செய்தாயிற்றா? ரத்தத்தில் செய்தீர்களா, கட்டியில் செய்தீர்களா, இரண்டிலுமா?” என்று கேளுங்கள். ஹை கிரேடு சீரஸ் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பழுது இருக்கிறது. அது இல்லையென்று வந்தாலும், கட்டியின் ஒட்டுப்போடும் திறன் மொத்தத்தில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கும் எச்.ஆர்.டி. என்ற சோதனை உண்டு, அதையும் கேளுங்கள். கீமோ முடிவதற்குள் இந்த ரிப்போர்ட் கையில் இருப்பது நல்லது. மாத்திரை தொடங்குவதா என்ற முடிவு அந்த நேரத்தில்தான் எடுக்கப்படும்.

ரத்தத்தில் பழுது என்று வந்தால் அது பிறவியிலேயே வந்தது, அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ. அப்போது உங்களுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு, ஒரு மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். தம்பிக்கும் அதே வாய்ப்புதான். ஆண் என்பதால் அவருக்கு விலக்கில்லை, அவர் பிள்ளைகளுக்கும் போகலாம். வேதிப்பொருள் வாங்க அவர் எடுத்துவைத்த பணம் அந்தப் பரிசோதனைக்கு ஆகட்டும். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள். அதில் புரியாத சொல் எதுவாக இருந்தாலும் அப்படியே எழுத்துக்கூட்டி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.